சாவி மியூனிக்கில், கார் கப்பலில்

"ஜெர்மனிக்கே போய் ஃபேக்டரியில் கார் எடுத்தால் மலிவாமே? அங்கேயே பத்து நாள் ஓட்டிவிட்டுக் கப்பலில் போட்டு அமெரிக்காவுக்கு அனுப்பிவிடலாமாமே?" நியூஜெர்சியில் பிள்ளைகள் வேலை பார்க்கும் அப்பாக்கள் கேட்கிற கேள்வி இது. டீ ஆறுவதற்குள் பதில் சொல்லிவிடலாம், உட்காருங்கள்.

கேள்வியில் பாதி சரி. ஆனால் காரை வாங்குவது ஜெர்மனியில் இல்லை, அமெரிக்காவில் உங்கள் பையன் குடியிருக்கும் ஊர் டீலரிடம்தான். விலை பேசுவது, ஆர்டர் கொடுப்பது, லோன் போடுவது, கையெழுத்துப் போடுவது எல்லாம் அங்கேயே முடிந்துவிடும். டெலிவரி எடுப்பது மட்டும் தொழிற்சாலை ஊரில். இந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டால் மற்றதெல்லாம் தானே விளங்கும்.

ஏன் இப்படி வைத்தார்கள்? ஜெர்மனியின் மியூனிக் நகர ஷோரூமில் நிற்கும் கார் அந்த ஊர் விதிகளுக்காகச் செய்தது. அமெரிக்கா பாதுகாப்புக்கும் புகைக்கும் தனி விதிகள் வைத்திருக்கிறது. அவற்றுக்குப் பொருந்தாத வண்டியை, அதற்கு 25 வயது ஆவதற்கு முன், தனியாள் ஒருவர் உள்ளே கொண்டுவருவது பெரும்பாடு. ஆகவே உங்களுக்காகச் செய்வது முதலிலிருந்தே அமெரிக்கக் கார்தான். ஸ்பீடோமீட்டர் மைலில் காட்டும், விளக்குகள் அமெரிக்க விதிப்படி இருக்கும். அதைக் கப்பலேற்றும் முன் உங்கள் கையில் கொஞ்ச நாள் கொடுத்துவைக்கிறார்கள், அவ்வளவே.

அங்கே செய்யாத வண்டியை அங்கே எடுக்க முடியாது என்பதும் இதிலேயே அடங்கிவிட்டது. பிஎம்டபிள்யூ எக்ஸ்5 தயாராவது சவுத் கரோலினாவின் ஸ்பார்ட்டன்பர்க்கில். அதை விரும்பியவர் மியூனிக்குக்கு டிக்கெட் போட்டுப் பயனில்லை.

இந்த ஏற்பாட்டுக்கு 2020 வரை பேர்போனதாக இருந்தது பிஎம்டபிள்யூ. 2007-ல் மியூனிக்கில் ஒலிம்பிக் பூங்காவுக்கு எதிரே, தொழிற்சாலையை ஒட்டி, பிஎம்டபிள்யூ வெல்ட் என்ற கண்ணாடி மாளிகையையே திறந்தது. வாடிக்கையாளர் மேல்தளத்திலிருந்து படியிறங்கி வருவார். கீழே அவருடைய கார் வட்ட மேடையில் விளக்கொளியில் மெல்லச் சுழலும். நம் ஆட்கள் சிலருக்கு அந்த நேரத்தில் சக்கரத்துக்கு அடியில் வைக்க எலுமிச்சம்பழம் கொண்டுவரவில்லையே என்றுதான் தோன்றியிருக்கும்.

வெளியே வந்ததும் நம்பர் பிளேட்டைக் குனிந்து பாருங்கள். வெள்ளைத் தகடு, கறுப்பு எழுத்து. வலது ஓரத்தில் மேலிருந்து கீழாக ஒரு சிவப்புப் பட்டை, அதற்குள் ஒரு தேதி. 'இந்த வண்டி இந்நாட்டில் தங்க வந்ததல்ல, இந்தத் தேதிக்குள் வெளியேறிவிடும்' என்று ஜெர்மனி ஊருக்கே அறிவிக்கும் தகடு அது. ஜெர்மனியில் கார் வாங்குகிறவர் 19 சதவீத மதிப்புக் கூட்டு வரி கட்ட வேண்டும். உங்களுக்கு அது கிடையாது, ஏனென்றால் உங்கள் வண்டி ஏற்றுமதிச் சரக்கு. கெடு தாண்டி அங்கேயே வைத்துக்கொண்டால் வரி கழுத்துக்கு வரும். அமெரிக்காவில் உங்கள் மாநில விற்பனை வரியோ எங்கும் ஓடிப்போகாது, பதிவு செய்யும்போது கட்டியே ஆக வேண்டும்.

பிஎம்டபிள்யூ திட்டத்தில் இன்சூரன்ஸ் இரண்டு வாரத்துக்குச் சேர்த்தே கொடுத்தார்கள். அதற்கு மேல் வேண்டுமென்றால் தனிக் காசு. ஆட்டோபானில் வேகக் கட்டுப்பாடு இல்லையே, பறக்கலாம் என்று கனவு காண்கிறவர்கள் கையேட்டைப் படிக்க வேண்டும். புது எஞ்சின் பழகும்வரை, அதாவது முதல் 2,000 கிலோமீட்டருக்கு, மணிக்கு 160-ஐத் தாண்டாதே என்கிறது பிஎம்டபிள்யூ. ஆல்ப்ஸ் மலைப்பாதையில் நிதானமாக வளைந்து ஏற அது தாராளம்.

இனிக் கப்பல். சுற்றி முடித்ததும் குறித்துவைத்த ஊரில் ஏஜென்டிடம் வண்டியை ஒப்படைக்க வேண்டும். அது பிரேமர்ஹாஃபன் போன்ற துறைமுகத்துக்குப் போய், கார்களை ஓட்டியே உள்ளே ஏற்றும் பல அடுக்குக் கப்பலில் ஏறும். ஒப்படைக்கும்போது நான்கு பக்கமும், கூரை, சக்கரம் உட்பட, படம் எடுத்துக்கொள்ளுங்கள். கீறல் யார் கையில் விழுந்தது என்ற பேச்சு பிறகு வந்தால் அதுதான் சாட்சி. சூட்கேஸ், வாங்கிய பொம்மை, சாக்லேட் எதையும் டிக்கியில் விட்டுவைக்காதீர்கள். அடிப்பாகத்தையும் கழுவியாக வேண்டும். சக்கர வளைவுக்குள் ஒட்டிக்கொண்ட ஒரு பிடி மண்ணில் பூச்சியும் பயிர் நோயும் கடல் தாண்டிவிடும் என்று அமெரிக்க வேளாண் துறை, அயல்நாட்டு மண்ணோடு வண்டி இறங்கவே கூடாது என்கிறது.

வீட்டு டீலரிடம் வந்துசேர ஆறு முதல் பத்து வாரம் பிடிக்கும். மேற்குக் கரை என்றால் இன்னும் தாமதம். அதுவரை லோன் தவணை மட்டும் தவறாமல் ஓடும். கடல் இன்சூரன்ஸ் எதற்கு என்று யாரும் அலுத்துக்கொள்ள வேண்டாம். 2022 பிப்ரவரியில் ஜெர்மனியின் எம்டனிலிருந்து ரோட் ஐலண்டுக்குப் புறப்பட்ட ஃபெலிசிட்டி ஏஸ் என்ற கப்பல் அசோர்ஸ் தீவுகளுக்கு அருகே தீப்பிடித்தது. மாலுமிகள் 22 பேரும் தப்பினார்கள். ஏறக்குறைய 4,000 கார்களோடு கப்பல் மார்ச் 1 அன்று மூழ்கியது.

சரி, லாபம் எவ்வளவு? பிஎம்டபிள்யூவில் அடிப்படை விலையில் 5 முதல் 7 சதவீதம் தள்ளுபடி இருந்தது. 50,000 டாலர் வண்டிக்கு 2,500 முதல் 3,500 டாலர். விமான டிக்கெட், ஓட்டல், பெட்ரோல், ஆஸ்திரிய நெடுஞ்சாலைக்கு ஒட்டும் வில்லை என்று கூட்டினால் தள்ளுபடி அதிலேயே கரைந்துவிடும். எப்படியும் ஐரோப்பா போகத்தான் போகிறோம் என்று இருந்தவருக்கு மட்டும் வாடகைக் கார் செலவு மிச்சம், தள்ளுபடி லாபம். மிச்சம் பிடிப்பதற்காகவே கிளம்பியவர் கைக்காசைத்தான் இழந்தார்.

"நம்மூருக்கு இப்படிக் கொண்டுவர முடியாதா?" என்பது அடுத்த கேள்வி. இந்தியாவில் ஓட வேண்டுமென்றால் ஸ்டீயரிங் வலப்பக்கம் இருக்க வேண்டும், முகப்பு விளக்கு இடப்பக்கப் போக்குவரத்துக்கு ஏற்றதாக இருக்க வேண்டும். முழு வண்டியாக இறக்கினால் சுங்க வரி பல ஆண்டுகளாக 60, 70 சதவீதத்தில் தொடங்கி, விலையுயர்ந்தவற்றுக்கு 100 சதவீதத்தைத் தொட்டிருக்கிறது. அந்த வரியைக் குறைக்கத்தான் பாகங்களாகக் கொண்டுவந்து இங்கேயே பூட்டுகிறார்கள். பிஎம்டபிள்யூவின் ஆலை 2007 முதல் செங்கல்பட்டுக்குப் பக்கத்தில் மகிந்திரா சிட்டியில் ஓடுகிறது. மியூனிக் போக வேண்டிய அவசியமே இல்லை.

அமெரிக்கர்களுக்கும் இப்போது வாய்ப்பு சுருங்கிவிட்டது. கொரோனா வந்த 2020-ல் பிஎம்டபிள்யூ இந்தத் திட்டத்தை மூடியது, மெர்சிடிஸும் கைவிட்டது. அதன் பிறகும் நடத்திவந்தது ஸ்வீடனின் வால்வோ. கோத்தன்பர்க்கில் டெலிவரி எடுக்க வரும் அமெரிக்கருக்கு இரண்டு விமான டிக்கெட்டும் ஓர் இரவு ஓட்டலும் பல காலம் அதுவே கொடுத்தது. கணக்கு அங்கே மட்டும் வேறு மாதிரி விழுந்ததற்குக் காரணம் அதுதான்.

ஆகவே உங்கள் பையன் கேட்டால் இப்படிச் சொல்லுங்கள். முதலில் வேண்டிய கார் எது என்று முடிவு செய்யட்டும். அது எங்கே தயாராகிறது, டிக்கெட் யார் செலவு, சலுகையில் இன்று எது மிஞ்சியிருக்கிறது என்று டீலரிடம் எழுத்தில் வாங்கட்டும். அந்த ஊரை ஏற்கெனவே பார்க்க ஆசை இருந்தால் போகட்டும். இரண்டு மாதம் கார் இல்லாமல் வேலைக்குப் போக முடியாதவர் என்றால் பக்கத்து ஷோரூமிலேயே எடுத்துக்கொள்ளட்டும்.