உங்கள் தெருச் சாலைக்குப் பணம் எங்கிருந்து வருகிறது?

தெரு குண்டும் குழியுமாகக் கிடக்கிறது. கவுன்சிலரைக் கேட்டால் “ஃபண்டு இல்லை” என்கிறார். ஆனால் போன மாதம்தான் அடுத்த தெருவில் பேவர் பிளாக் பதித்தார்கள். அங்கே இருந்த பணம் இங்கே ஏன் இல்லை? பல நேரங்களில் இதற்குப் பதில், உள்ளாட்சியின் பணம் ஒரே பணம் இல்லை என்பதுதான். வருகிற ஒவ்வொரு தொகையின் மீதும், இதை எதற்குச் செலவழிக்கலாம், எதற்குக் கூடாது என்று எழுதி வருகிறது. அது தெரிந்தால் யாரிடம் என்ன கேட்பது என்பதும் தெரிந்துவிடும்.

அதற்கு முன், அந்தச் சாலை யாருடையது என்று பாருங்கள். மாநில நெடுஞ்சாலை, மாவட்ட முக்கியச் சாலை, இதர மாவட்டச் சாலை ஆகியவை நெடுஞ்சாலைத் துறைக்கு உரியவை. மீதமுள்ளவற்றில் ஊராட்சி ஒன்றியச் சாலை, ஊராட்சிச் சாலை, பேரூராட்சி, நகராட்சி, மாநகராட்சிச் சாலை என்று பிரிவு உண்டு. சென்னை அண்ணா சாலை மாநகரின் நடுவே ஓடினாலும் அதைப் பராமரிப்பது மாநில நெடுஞ்சாலைத் துறைதான். அங்குள்ள பள்ளத்துக்கு மாநகராட்சியில் மனுக் கொடுத்தால் காலம்தான் வீணாகும். இன்னொரு சிக்கலும் உண்டு. மனைப்பிரிவு போட்டு விற்றவர், அதிலுள்ள சாலைகளைத் தானப் பத்திரம் எழுதி உள்ளாட்சியிடம் ஒப்படைத்திருக்க வேண்டும். ஒப்படைக்காத சாலை காகிதத்தில் இன்னும் தனியார் நிலம்தான்; அதில் பொதுப் பணத்தைப் போட அதிகாரிகள் தயங்குவார்கள். புறநகரில் வீடு வாங்கி, பத்து ஆண்டு வரி கட்டியும் மண் சாலையிலேயே நடப்பவர்கள் முதலில் தேட வேண்டியது அந்தத் தானப் பத்திரத்தைத்தான்.

இனி பணத்துக்கு வருவோம். முதலாவது, உள்ளாட்சி தானே திரட்டுவது: சொத்து வரி, கிராமத்தில் வீட்டு வரி, தொழில் வரி, குடிநீர்க் கட்டணம், கடை வாடகை. இதில்தான் கட்டுப்பாடு மிகக் குறைவு. மன்றம் தீர்மானித்தால் சாலைக்குப் போடலாம்.

இரண்டாவது, மாநில நிதி ஆணையத்தின் பரிந்துரைப்படி வரும் பங்கு. தமிழ்நாடு அரசு தன் சொந்த வரி வருவாயில் 10 சதவீதத்தை ஊரக, நகர்ப்புற உள்ளாட்சிகளுக்குப் பிரித்துக் கொடுக்கிறது. கேட்கப் பெரிய தொகைதான். ஆனால் ஒரு சின்ன ஊராட்சியின் கணக்கைத் திறந்து பாருங்கள். தெருவிளக்குக்கும் மோட்டாருக்கும் மின் கட்டணம், கூட்டுக் குடிநீர்த் திட்டத்துக்குக் குடிநீர் வாரியத்தின் கட்டணம், தொட்டி இயக்குபவருக்கும் தூய்மைப் பணியாளருக்கும் சம்பளம். இவையெல்லாம் போன பிறகு சாலைக்கு மிஞ்சுவது கொஞ்சம்தான். ஊராட்சித் தலைவர் கையை விரிப்பது எப்போதும் சாக்கு அல்ல.

மூன்றாவது ஒன்றிய அரசின் நிதிக்குழு மானியம். இங்கேதான் மக்கள் மிகவும் குழம்புகிறார்கள். 15-ஆவது நிதிக்குழுவின் 2021-22 முதல் 2025-26 வரையிலான காலத்தில், ஊராட்சிகளுக்கான மானியத்தில் 60 சதவீதம் குடிநீருக்கும் சுகாதாரத்துக்கும் என்றே ஒதுக்கப்பட்டது. மீதி 40 சதவீதம்தான் ஊர் தன் தேவைக்கேற்பச் செலவழிக்கக்கூடியதாக இருந்தது. அதிலும் சம்பளம் கொடுக்கக் கூடாது. ஆகவே வங்கிக் கணக்கில் சில லட்சங்கள் இருக்கும். இருந்தும் தார் சாலை போட முடியாது. “பணத்தை வைத்துக்கொண்டே செய்யவில்லை” என்று கோபப்படுவதற்கு முன் அது எந்தப் பணம் என்று கேட்பது நியாயம். இதில் ஒரு நல்ல வழியும் இருக்கிறது. வீட்டுக் கழிவுநீர் மேலாண்மை சுகாதாரப் பங்கில் அடங்கும். மழைநீர்ச் சேகரிப்பு குடிநீர்ப் பங்கில் வரும். தெருவில் தேங்கும் நீரை வெளியேற்றும் வேலையை அந்தப் பணத்தில் முடித்துவிட்டு, சாலையை மற்ற நிதியில் போடத் திட்டமிடலாம். விவரம் தெரிந்த ஊராட்சிச் செயலர்கள் அப்படித்தான் கோர்க்கிறார்கள்.

நான்காவது, சாலைக்கென்றே வரும் திட்டங்கள். 2000-ஆம் ஆண்டு தொடங்கிய பிரதமரின் கிராமச் சாலைத் திட்டத்தில் இப்போது ஒன்றிய அரசு 60, மாநில அரசு 40 என்று செலவைப் பகிர்ந்துகொள்கின்றன. போட்ட ஒப்பந்ததாரரே ஐந்து ஆண்டுகள் பராமரிக்க வேண்டும் என்பது அதன் சிறப்பு. முதல்வரின் கிராமச் சாலைகள் மேம்பாட்டுத் திட்டத்தில் 10,000 கிலோமீட்டர் ஊராட்சி, ஒன்றியச் சாலைகளை 4,000 கோடி ரூபாயில் மேம்படுத்துவதாக 2023 ஜனவரியில் அறிவித்தார்கள். கிலோமீட்டருக்குச் சராசரியாக 40 லட்சம். இந்தக் கணக்கை மனதில் வைத்துக்கொண்டு எம்.எல்.ஏ. தொகுதி மேம்பாட்டு நிதியைப் பாருங்கள். ஆண்டுக்கு 3 கோடி ரூபாய். பள்ளிக் கட்டடம், நியாயவிலைக் கடை, நிழற்குடை எதுவும் வேண்டாம் என்று அத்தனையையும் சாலையில் கொட்டினாலும் ஏழரைக் கிலோமீட்டர்தான் தேறும். ஒரு தொகுதியில் எத்தனை தெருக்கள்! எம்.எல்.ஏ. நிதியையே நம்பிக் காத்திருக்க முடியாததன் காரணம் இதுதான். ‘நமக்கு நாமே’ திட்டத்தில் குடியிருப்போர் சங்கம் மூன்றில் ஒரு பங்கு திரட்டினால் மீதியை அரசு தரும். வசதியுள்ள நகர்களுக்கு அது கைகொடுக்கும். கூலி வேலை செய்பவர்கள் நிறைந்த தெருவில் அந்த ஒரு பங்கே மலை. அங்கே முழுச் செலவையும் அரசும் உள்ளாட்சியும்தான் ஏற்க வேண்டும் என்பது என் எண்ணம்.

பணம் வருவதற்கு நிபந்தனைகளும் உண்டு. 2016-இல் உள்ளாட்சித் தேர்தல் நின்றுபோனது. 2019 டிசம்பரில் பெரும்பாலான மாவட்டங்களில் ஊரக உள்ளாட்சித் தேர்தல் நடக்கும் வரை அங்குள்ள ஊராட்சிகள் தனி அலுவலர்களின் கையில் இருந்தன. தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றம் இல்லாததால் ஒன்றிய அரசு மானியத்தை நிறுத்தி வைத்தது. அந்தத் தேர்தலில் வென்றவர்களின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5-ஆம் தேதி முடிந்து, அந்த ஊராட்சிகள் மறுபடியும் தனி அலுவலர்களிடம் போயின. தேர்தல் தள்ளிப்போவது அரசியல்வாதிகளின் கவலை மட்டும் என்று நினைக்க வேண்டாம். அது நேராக உங்கள் தெருவைத் தொடும். நகரங்களில் நிபந்தனை வேறு வடிவில் வந்தது. 2022 ஏப்ரலில் சொத்து வரி கட்டடத்தின் அளவைப் பொறுத்து 25 முதல் 150 சதவீதம் வரை உயர்ந்தபோது, அரசு சுட்டிக்காட்டிய காரணங்களில் ஒன்று நிதிக்குழுவின் நிபந்தனை.

சாலை போடுவதற்குப் பணம் கிடைத்தாலும் அதைக் காப்பதற்குக் கிடைப்பது அரிது. புதுச் சாலைக்குத் திறப்பு விழா உண்டு. பள்ளம் அடைப்பதற்கு யார் விழா எடுப்பார்கள்? கிராமச் சாலையில் மேலே விரிக்கும் தார்க் கலவை பெரும்பாலும் 20 மில்லிமீட்டர் கனம்தான். அதன்மேல் ஒரு மழைக்காலம் முழுக்கத் தண்ணீர் நின்றால் ஜல்லி பெயர்ந்துவிடும். வடிகால் இல்லாமல் சாலை போடுவது பணத்தை வாய்க்காலில் விடுவதுதான். அதனால் மனுவில் சாலையோடு வடிகாலையும் சேர்த்தே எழுதுங்கள்.

பழைய சாலையைச் சுரண்டாமல் அதன்மேலேயே புதிதாகப் போடும் வழக்கம் இன்னொரு கேடு. சாலை ஏற ஏற வீடு பள்ளத்தில் இறங்குகிறது. மழைநீர் வாசற்படி தாண்டுகிறது. 2021-இல் அப்போதைய தலைமைச் செயலாளர் இறையன்பு, பழைய மேற்பரப்பைச் சுரண்டி எடுத்துவிட்டு, மட்டம் உயராமல் போட வேண்டும் என்று துறைகளுக்கு அறிவுறுத்தினார். மில்லிங் என்று பொறியாளர்கள் சொல்வது இந்த வேலையைத்தான். எஸ்டிமேட்டிலேயே அதற்கான தொகை இல்லையென்றால் ஒப்பந்ததாரர் செய்ய மாட்டார். எனவே வேலை தொடங்கிய பிறகு தெருவில் நின்று சண்டை போடுவதைவிட, எஸ்டிமேட் போடும்போதே உதவிப் பொறியாளரிடம் கேட்டுவிடுவது மேல்.

கேட்பதற்கு இடம் உண்டு. கிராம சபை ஆண்டுக்கு ஆறு நாட்கள் கூடும்: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. சாலையின் பெயர், எங்கிருந்து எங்கே, எத்தனை மீட்டர் என்று குறிப்பிட்டுத் தீர்மானமாக ஏற்றச் சொல்லுங்கள். ஊராட்சி வளர்ச்சித் திட்டத்தில் அது இடம்பெற்றால்தான் அடுத்த நிதியாண்டில் வரிசைக்கு வரும். நகரங்களில் 2022 முதல் வார்டு குழுவும் பகுதி சபையும் இருக்கின்றன.

வேலை தொடங்கிவிட்டால் கவனிக்க வேண்டியவை ஒப்பந்த ஆவணமும், எம்-புக் எனப்படும் அளவுப் பதிவேடும். சாலையின் நீளம், அகலம், கனம் ஆகியவற்றை அளந்து எம்-புக்கில் எழுதிய பிறகே பில் போகும். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் 10 ரூபாய் கட்டணத்தில் இவற்றின் நகலைக் கேட்கலாம். 30 நாட்களுக்குள் பதில் தர வேண்டும். நகலோடு அந்த உரிமை முடிவதில்லை. 2005-ஆம் ஆண்டின் அந்தச் சட்டம், நடக்கும் வேலையை நேரில் பார்வையிடவும், பயன்படுத்திய பொருளின் சான்றளித்த மாதிரியைப் பெறவும் குடிமக்களுக்கு உரிமை தந்திருக்கிறது. மனுவில் “பணியைப் பார்வையிட வேண்டும், தார்க் கலவையின் சான்றளித்த மாதிரி வேண்டும்” என்று தனி வரியாக எழுதுங்கள். சாலையின் பெயரையும் பணி ஆணை எண்ணையும் சேர்த்துக் குறிப்பிடுங்கள்.