மாமாவின் பழைய லேப்டாப் சர்வர் ஆன கதை



"நம்ம வீட்டுல ஒரு சர்வர் வைக்கப் போறோம்" என்று மாமா சொன்னதும் எனக்கு ஓட்டல்தான் ஞாபகம் வந்தது. 'சர்வர் சுந்தரம்' படத்தில் நாகேஷ் வருவாரே, அப்படி ஒருத்தர் நம்ம வீட்டுக்கு எதுக்கு என்று சிரித்துவிட்டேன். மாமா சிரிக்கவில்லை. "நீ நினைச்சது சரிதான்ளா. ரெண்டும் ஒரே வேலைதான்" என்றார்.

சர்வர் என்றால் என்ன?

ஓட்டலில் நாம் கேட்கிறோம், சர்வர் உள்ளே போய் எடுத்து வந்து தருகிறார். கம்ப்யூட்டரிலும் அப்படியே. நம் போன் "அந்தப் படத்தைக் கொடு" என்று கேட்கும். வேறு ஒரு இடத்தில் இருக்கும் கம்ப்யூட்டர் அதை எடுத்துக் கொடுக்கும். கொடுக்கிற கம்ப்யூட்டருக்குப் பெயர் சர்வர். அது பெரிய கட்டடத்தில், ஏ.சி. அறையில்தான் இருக்க வேண்டும் என்பது இல்லை. கேட்டால் கொடுக்கிற மென்பொருள் உள்ளே இருந்தால் போதும், எந்தக் கம்ப்யூட்டரும் சர்வர்தான்.

எங்களுக்கு ஏன் சர்வர்?

2023 டிசம்பர் 17, 18 தேதிகளை நம் ஊரில் யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 செ.மீ. மழை பெய்தது. தாமிரபரணி கரை தாண்டி வந்தது. கொக்கிரகுளம், வண்ணார்பேட்டை எல்லாம் தண்ணீர். எங்கள் தெரு ஆற்றுக்குப் பக்கம். ராத்திரி தண்ணீர் வீட்டுக்குள் வந்தது. அரிசி மூட்டையைத் தூக்கினோம், என் புத்தகப் பையைத் தூக்கினோம். கட்டிலில் தலையணைக்கு அடியில் இருந்த அம்மாவின் போனை மறந்துவிட்டோம்.

அந்த வருடம் ஆடி மாதம்தான் எங்கள் ஆச்சி இறந்துபோனாள். ஆச்சி பேசியது, தாலாட்டுப் பாடியது, தம்பியைத் திட்டியது எல்லாம் அந்தப் போனில்தான் இருந்தது. அரிசிக்குள் புதைத்து வைத்தோம். கடையில் கொடுத்துப் பார்த்தோம். உயிர் வரவில்லை. "வீடு நனைஞ்சா காயும், எங்கம்மா குரல் போச்சே" என்று அம்மா அழுதாள். அப்புறம் பார்த்தால், எப்போதோ சித்திக்கு அனுப்பிய ஒரே ஒரு குரல் பதிவு மட்டும் சித்தி போனில் இருந்தது. இரண்டு நிமிடம். ஆச்சி "சாப்பிட்டியாளா?" என்று கேட்பாள். ஒரு பொருள் இரண்டு இடத்தில் இருந்ததால்தான் அது பிழைத்தது. அன்றைக்குத்தான் மாமா இந்த யோசனையைச் சொன்னார்.

வன்பொருள்

தமிழக அரசு 2011-ல் விலையில்லா மடிக்கணினித் திட்டத்தைத் தொடங்கியது. மாமா பிளஸ் டூ படித்தபோது, 2012-ல், அதில் ஒன்று வாங்கியிருந்தார். 2 ஜி.பி. ராம், 320 ஜி.பி. ஹார்டு டிஸ்க். நான்கு எழுத்துப் பித்தான்கள் கழன்று, திரையில் கீறல் விழுந்து பரணில் கிடந்தது. சர்வருக்குத் திரையும் வேண்டாம், பித்தானும் வேண்டாம். அதனால் இந்த வேலைக்கு அது போதும்.

லேப்டாப்பில் ஒரு வசதி உண்டு. கரண்டு போனாலும் பேட்டரியில் ஓடும். மேசைக் கம்ப்யூட்டருக்கு இதற்குத் தனியாக யு.பி.எஸ். வாங்க வேண்டும். ஆனால் பழைய பேட்டரி உப்பினால் ஆபத்து. எங்களுடையது லேசாக உப்பியிருந்ததால் மாமா அதைக் கழற்றிவிட்டு வேறு மாற்றினார்.

அடுத்தது வைஃபை ரவுட்டர். வீட்டில் உள்ள போன்களையும் சர்வரையும் இணைப்பது இதுதான். இன்டர்நெட் இல்லாவிட்டாலும் வீட்டுக்குள் இந்த இணைப்பு வேலை செய்யும். வெள்ளத்தின்போது டவர் போனதே, அப்படிப் போனாலும் கரண்டு இருந்தால் எங்கள் சர்வர் பேசும்.

சர்வருக்கு ஒரு எண் உண்டு: 192.168.1.10. இது கதவு எண் மாதிரி. 192.168 என்று தொடங்கும் எண்கள் வீடு, அலுவலகங்களுக்குள் மட்டும் பயன்படுத்த ஒதுக்கப்பட்டவை. வெளியே இருந்து இந்த எண்ணை வைத்து யாரும் வர முடியாது. எல்லா ஊரிலும் "மூன்றாம் நம்பர் வீடு" இருக்கிற மாதிரி, எத்தனையோ வீடுகளில் இதே எண் இருக்கும். சண்டை வராது.

மென்பொருள்

அந்த லேப்டாப்பில் விண்டோஸுடன் 'பாஸ்' என்ற லினக்ஸும் இருந்தது. அது சி-டாக் என்ற மத்திய அரசு நிறுவனம் டெபியனை அடிப்படையாக வைத்துச் செய்தது. மாமா பழையதை அழித்துவிட்டு இப்போதைய டெபியனையே போட்டார். லினக்ஸை 1991-ல் எழுதத் தொடங்கியபோது லினஸ் டோர்வால்ட்ஸ் பின்லாந்தில் கல்லூரி மாணவர். டெபியனை 1993-ல் தொடங்கிய இயான் முர்டாக்கும் மாணவர்தான். இரண்டுக்கும் காசு கிடையாது. யாரும் எடுத்துப் பயன்படுத்தலாம், திருத்தலாம்.

அதன்மேல் மூன்று மென்பொருள்கள் இருக்கின்றன.

1. சாம்பா: சர்வரில் உள்ள கோப்புறைகளை வீட்டில் எல்லோருக்கும் பொதுவாகத் திறந்து விடுவது.
2. சிங்க்திங்: அம்மா போனில் படம் எடுத்தால், போன் வீட்டு வைஃபைக்குள் வந்ததும் அதன் நகல் தானாகச் சர்வருக்குப் போய்விடும். அம்மா எதையும் அமுக்க வேண்டாம்.
3. கிவிக்ஸ்: தமிழ் விக்கிப்பீடியாவை மொத்தமாக இறக்கி வைத்து இன்டர்நெட் இல்லாமலே படிக்க உதவுவது. என் சமூக அறிவியல் ஒப்படைப்பு இதில் பார்த்து எழுதியதுதான்!

நாங்கள் செய்த தவறுகள்

முதல் நாள் எல்லாம் சரி. தூங்கப் போகும்போது நான் லேப்டாப்பை மூடி வைத்தேன். காலையில் சர்வரைக் காணோம்! மூடியதும் அது தூங்கிவிடுமாம். மூடினாலும் தூங்காதே என்று அமைப்பில் மாற்றி எழுத வேண்டும். இரண்டாவது, தம்பி சுவிட்சைப் பிடுங்கி விளையாடியபோது பேட்டரி காப்பாற்றியது. ஆனால் எப்போதும் முறைப்படி ஷட்டவுன் செய்துதான் அணைக்க வேண்டும். எழுதிக்கொண்டிருக்கும்போது நின்றால் கோப்பு கெட்டுப்போகும்.

மூன்றாவது, கரண்டு பில். "ராத்திரி பகலா ஓடுனா யாரு கட்டுவா?" என்று அம்மா கேட்டாள். நான் கணக்குப் போட்டேன். சுமார் 20 வாட். 24 மணி நேரத்துக்கு 480 வாட் மணி, அதாவது அரை யூனிட்டுக்குக் கொஞ்சம் குறைவு. 60 நாளைக்கு 28.8 யூனிட். மாலை 6 முதல் 10 வரை மட்டும் ஓடினால் 60 நாளைக்கு 4.8 யூனிட்தான். அம்மா தீர்ப்பு: 6 முதல் 10 வரை.

முக்கியமான பாடம்

சர்வர் இருந்தால் மட்டும் போதாது. ஹார்டு டிஸ்க் ஒருநாள் கெட்டுப்போகும். அதற்கு 3-2-1 என்று ஒரு விதி சொல்கிறார்கள். மூன்று நகல் வேண்டும், இரண்டு வகைக் கருவியில் வேண்டும், ஒன்று வேறு இடத்தில் வேண்டும். எங்கள் நகல் ஒன்று போனில், ஒன்று சர்வரில், ஒன்று சங்கரன்கோவில் சித்தி வீட்டு ஹார்டு டிஸ்க்கில். முதலில் அம்பாசமுத்திரத்தில் பெரியம்மா வீட்டில் வைக்கலாம் என்றேன். "அதுவும் தாமிரபரணிக் கரைதான்ளா. ஒரே தண்ணி ரெண்டையும் நனைக்கக் கூடாது" என்றார் மாமா.

எங்கள் சுவரில் வெள்ளம் நின்ற கோடு இன்னும் இருக்கிறது. அதற்கு இரண்டு அடி மேலே பலகை அடித்து, காற்று வருகிற மாதிரி சர்வரை வைத்திருக்கிறோம்.

தெரிந்துகொள்வோம்: உலகின் முதல் வலைச் சர்வர், 1990-ல் சுவிட்சர்லாந்தின் செர்ன் ஆய்வகத்தில் டிம் பெர்னர்ஸ்-லீ பயன்படுத்திய கம்ப்யூட்டர். யாரும் அணைத்துவிடக் கூடாது என்று அதன்மேல் சீட்டு எழுதி ஒட்டியிருந்தார்கள். எங்கள் சர்வர்மேல் "தம்பி, தொடாதே" என்று ஒட்டியிருக்கிறேன்.

தோழிகளே, எல்லோர் வீட்டிலும் சர்வர் வைக்க முடியாது. ஆனால் இன்றைக்குச் சாயங்காலம் வீட்டுக்குப் போனதும் உங்கள் ஆச்சி, தாத்தாவைக் கொஞ்ச நேரம் பேசச் சொல்லிப் பதிவு செய்யுங்கள். அதை வேறு ஊரில் இருக்கும் ஒருவருக்கும் அனுப்பி வையுங்கள். எங்கள் சர்வரில் முதலில் வைத்த கோப்பு அந்த இரண்டு நிமிடம்தான். அம்மா இப்போதும் சில நாள் ஆறு மணிக்கு அதைப் போட்டுக் கேட்பாள்.

பிழை இருந்தால் ஆசிரியர்கள் திருத்த வேண்டுகிறேன்.

(கேள்வி: 5 வாட் எடுக்கும் சின்னக் கம்ப்யூட்டர் நாள் முழுக்க ஓடினால் 60 நாளைக்கு எத்தனை யூனிட்? விடை அடுத்த இதழில்.)

ஒன்பதாம் வகுப்பு மாணவி