மடை திறந்த கைகள் வரைபடமும் போடட்டும்

ஏரி மடையைத் திறந்து வயல்வயலாகத் தண்ணீர் பாய்ச்சியவர்கள் நீர்க்கட்டிகள். பல ஊர்களில் அவர்கள் தலித்துகளே. நிலத்தின் வாட்டம் அவர்களின் கால்களுக்குத் தெரியும். ஆனால், ஊருக்கு வரைபடம் போடும் இடத்தில் அவர்களுக்கு இடமில்லை. ஊர்த்தெருச் சாக்கடை சேரியில் வந்து தேங்குவது தற்செயலா?

ஏரிக்கரை, வடிகால், பாதை, பூங்கா என நிலத்தைத் திட்டமிடும் படிப்பு 'லேண்ட்ஸ்கேப் ஆர்க்கிடெக்சர்'. 'நாட்டா' தேர்வு எழுதி 5 ஆண்டு பி.ஆர்க்., பிறகு 2 ஆண்டு எம்.ஆர்க். படிக்க வேண்டும். பெற்றோரின் ஆண்டு வருமானம் 2.5 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால், ஆதிதிராவிட மாணவர்கள் போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கலாம்.

பத்தாம் வகுப்பு முடிக்கும் தம்பி, தங்கைகளே! "உனக்குக் கணக்கு வராது" என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள். பிளஸ் 1-இல் கணிதத்தை விட்டால் இந்தக் கதவு மூடிவிடும்.

தாத்தா மடை திறந்த ஏரிக்குப் பேத்தி வரைபடம் போடட்டும்.