மூன்று ரூபாய் நாற்பது காசு

சென்னை ஆட்டோக்களுக்கு 2013 ஆகஸ்டில் அரசு நிர்ணயித்த மீட்டர் கட்டணம் இது: முதல் 1.8 கிலோமீட்டருக்கு 25 ரூபாய், அதற்கு மேல் கிலோமீட்டருக்கு 12 ரூபாய். எங்கே இறங்கப்போகிறோம் என்று தெரியாமலேயே இந்தக் கணக்கை எழுதிவிடலாம். தூரத்தை 'தூ' என்று வைத்துக்கொண்டால் கட்டணம் 25 + 12(தூ − 1.8).

அவசரத்தில் 25 + 12தூ என்று எழுதிவிடுகிறவர்கள் உண்டு. முதல் 1.8 கிலோமீட்டருக்கு அவர்கள் இரண்டு தடவை காசு கொடுக்கிறார்கள். நஷ்டம் 12 × 1.8, அதாவது 21 ரூபாய் 60 காசு. மயிலாப்பூரிலிருந்து அடையாறு போனாலும் சரி, தாம்பரமே போனாலும் சரி, அதே 21.60தான்.

அடைப்புக்குறியைப் பிரித்துப் பாருங்கள்: 12தூ + 3.4. அறிவித்த கட்டணத்தில் கண்ணில் படாத 3 ரூபாய் 40 காசு எங்கிருந்து முளைத்தது? அந்த 25 ரூபாயில் 21.60 தூரத்துக்கான கூலி. மிச்சம்தான் ஏறி உட்கார்ந்ததற்கு! பயணம் நீள நீள இந்தக் காசு கரைந்துபோகும். 2 கிலோமீட்டர் போனால் கிலோமீட்டருக்கு 13.70 ஆகிறது, 10 கிலோமீட்டர் என்றால் 12.34தான். ஆனால் 1 கிலோமீட்டரில் இறங்கிக்கொண்டு 15.40 நீட்டினால் வாங்க மாட்டார்கள். தூ 1.8-க்குக் குறையாதவரைதான் இந்த இயற்கணிதக் கோவை செல்லும்.

தெரியாத எண்ணுக்குப் பெயர் வைப்பது பழைய வித்தை. 628-இல் கணிதவியலாளர் பிரம்மகுப்தர் அவற்றுக்கு நிறங்களின் பெயரைச் சூட்டினார். 1591-இல் பிரான்சின் கணிதவியலாளர் வியத் தெரிந்த எண்களுக்கும் எழுத்துகளை வைத்தார். பெரிய பாய்ச்சல் இதுதான் என்பேன். அடிப்படைக் கட்டணம் அ, வீதம் வ, எல்லை எ என்றால் அ + வ(தூ − எ). நாளை கட்டணத்தை உயர்த்தினாலும், இதே முறையில் வசூலிக்கும் வேறு ஊருக்குப் போனாலும் கோவை மாறாது.

பேரம் பேசவும் இது உதவும். "மீட்டருக்கு மேல 20 ரூபா போட்டுக் குடுங்க சார்" என்றால் 12தூ + 23.4. அதே 2013 கட்டணப்படி இரவில் ஒன்றரை மடங்கு: 1.5(12தூ + 3.4), அதாவது 18தூ + 5.1. இரண்டும் சமமாகும் இடம் 3.05 கிலோமீட்டர். அதற்குள் இறங்குவதானால் ஒன்றரை மடங்கே லாபம். அதைத் தாண்டிப் போகிற இரவுச் சவாரியில் 20 ரூபாய் மட்டும் கூடக் கேட்கிறவர் நமக்குத் தள்ளுபடி தருகிறார், சத்தமில்லாமல் ஏறிக்கொள்ளலாம்.