ஆறெழுத்துக் கத்தரி

இன்சுலின் ஊசி போட்டுக்கொள்ளும் நண்பர் உங்கள் ஆபீஸிலும் ஒருவராவது இருப்பார். அந்த மருந்தைத் தயாரிப்பது பாக்டீரியா அல்லது ஈஸ்ட் என்றால் நம்புவாரோ?

முன்பெல்லாம் பன்றி, மாடுகளின் கணையத்திலிருந்துதான் எடுத்தார்கள். ஒரு பவுண்டு இன்சுலினுக்குச் சுமார் 23 ஆயிரம் மிருகங்கள்! சிலருக்கு அலர்ஜி வேறு.

1972 நவம்பரில் ஹவாயில் ஒரு விஞ்ஞானக் கூட்டம். ஸ்டான்லி கோஹெனும் ஹெர்பர்ட் பாயரும் ராத்திரி சாண்ட்விச் சாப்பிட்டபடி பேசிக்கொண்டார்கள். பாயரிடம் கத்தரி இருந்தது. கோஹெனிடம் வண்டி இருந்தது.

கத்தரி என்பது ஒரு என்ஸைம். டி.என்.ஏ.வில் 'ஜிஏஏடிடிசி' என்ற ஆறெழுத்து வரும் இடத்தில் மட்டும் வெட்டும். அதுவும் நேராக அல்ல, படிக்கட்டு மாதிரி. விசேஷமே அதில்தான். நீட்டிக்கொண்டு நிற்கும் நுனி, அதே கத்தரி வெட்டிய வேறெந்த நுனியோடும் ஒட்டிக்கொள்ளும். தவளையா, மனுஷனா என்று ஜாதி பார்க்காது! அப்புறம் லைகேஸ் என்ற கோந்து போட்டால் கெட்டியாகிவிடும்.

வண்டி? பிளாஸ்மிட். பாக்டீரியாவுக்குள் தனியாக இருக்கும் குட்டி டி.என்.ஏ. வளையம். வேண்டிய ஜீனை அதில் ஒட்டி, பாக்டீரியாவுக்குள் அனுப்ப வேண்டும். கோடிக்கணக்கில் சிலதுதான் வாங்கிக்கொள்ளும். எதெது என்று எப்படிக் கண்டுபிடிக்க? வளையத்திலேயே ஆன்ட்டிபயாடிக்கைத் தாங்கும் ஜீனும் இருக்கும். டெட்ராசைக்ளினை ஊற்றினால் மற்றதெல்லாம் க்ளோஸ். பிழைத்தது நம்ம ஆள்! 1973ல் இது பலித்தது.

1976ல், வேலை போயிருந்த 28 வயசு ராபர்ட் ஸ்வான்ஸன் பாயரிடம் பத்து நிமிஷம் கேட்டார். பேச்சு மூன்று மணி நேரம் நீண்டது. ஆளுக்கு 500 டாலர் போட்டு ஜெனென்டெக் கம்பெனி ஆரம்பித்தார்கள்.

ஹார்வர்டின் வால்டர் கில்பர்ட்டும் போட்டியில் இருந்தார். மனித ஜீனை பாக்டீரியாவில் வைத்தால் ஊருக்கே ஆபத்து என்று அமெரிக்காவில் பயந்த காலம், ஏகப்பட்ட கட்டுப்பாடு. 1978ல் அவர் கோஷ்டி இங்கிலாந்தின் போர்ட்டன் டௌன் ராணுவ லேபுக்கே போனது. ஏதோ கலப்படம், பாவம், கிடைத்தது எலி இன்சுலின்!

ஜெனென்டெக் கோஷ்டி கெட்டிக்காரத்தனம் செய்தது. மனித ஜீனைத் தொடாமல், கலிபோர்னியாவின் சிட்டி ஆஃப் ஹோப் ஆஸ்பத்திரியில் ரசாயனத்தாலேயே எழுத்தெழுத்தாகக் கோர்த்தார்கள். சட்டம் குறுக்கே வரவில்லை. இன்சுலினில் 51 அமினோ அமிலங்கள், இரண்டு சங்கிலி. தனித்தனியாக ஈ.கோலி பாக்டீரியாவில் செய்து, வெளியே இணைத்தார்கள். 1978 ஆகஸ்ட்டில் வெற்றி. 1982ல் அமெரிக்காவில் விற்பனைக்கு அனுமதி.

தோற்ற கில்பர்ட்டுக்கு, டி.என்.ஏ. எழுத்துக்களைப் படிக்க வழி கண்டதற்காக 1980ல் நோபல் கிடைத்தது. கத்தரிக்கும் வண்டிக்கும் முடிச்சுப் போட்டதற்காக பாயருக்கும் கோஹெனுக்கும் அந்தப் பரிசு கிடைக்கவேயில்லை.