பேரேடும் வெற்றறையும்: மெய்நிகர் கணினி வட்டுக்களில் பயன்படா இடத்தை மீட்டல்

இரத்தினபுரி, கேகாலை மாவட்டங்களின் தேயிலை, இறப்பர்த் தோட்டங்களை அறிந்தோர்க்குத் தோட்டப் பேரேட்டின் வலிமை தெரியும். 1949ஆம் ஆண்டின் இந்திய, பாகிஸ்தானிய வதிவாளர் பிரசாவுரிமைச் சட்டம், விவாகமானோரிடம் ஏழாண்டுகளினதும் ஏனையோரிடம் பத்தாண்டுகளினதும் தொடர் வதிவுக்குச் சான்று கோரியது. செக்ரோலில் ஒரு பெயர் இருந்ததா என்பது அன்று அற்ப விடயமன்று. 1975இல் கம்பனித் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992இல் அவற்றின் நிர்வாகம் மீண்டும் தனியார் கம்பனிகளிடம் சென்றது. இவ்வாறு கைமாறிய தோட்டங்களில் எஞ்சியுள்ள ஏடுகளை மின்பிரதியாக்குவோர் விரைவிலேயே எதிர்கொள்ளும் தொழில்நுட்பச் சிக்கலொன்றை இங்கு விளக்க முற்படுகின்றோம்.

ஏ4 அளவான ஒரு பக்கத்தை, அங்குலத்துக்கு 300 புள்ளிகள் வீதம் முழு வண்ணத்தில் பதிவுசெய்தால், சுருக்கப்படாத படிமம் ஏறத்தாழ 26 மெகாபைட் இடம் பிடிக்கும். இருநூறு பக்க ஏடொன்றுக்கு 5.2 கிகாபைட் வேண்டும். படிமங்களைச் சுருக்கிச் சேமித்தபின் மூலப்படிமங்கள் அழிக்கப்படுகின்றன. இப்பணி மெய்நிகர் கணினியொன்றில் நடைபெறுமாயின், அக்கணினி தன் வட்டு காலியாகிவிட்டதெனக் கூறும். அதனைத் தாங்கும் தாய்க் கணினியோ தன் வட்டு இன்னும் நிரம்பியே இருப்பதாகக் கூறும். இரண்டும் பொய்யல்ல.

மெய்நிகர் கணினியின் வட்டு, தாய்க் கணினியைப் பொறுத்தவரை ஒரு கோப்பு மாத்திரமே. 500 கிகாபைட் என வாக்களிக்கப்பட்டிருப்பினும், மெல்லிய ஒதுக்கீட்டு முறையில் அக்கோப்பு எழுதப்பட்ட அளவுக்கே இடம் கொள்ளும். எழுத எழுத வளரும். அழித்தால் தானாகச் சுருங்காது.

தோட்டமொன்றின் கீழ்ப்பிரிவிலிருந்து ஒரு குடும்பம் கப்பலேறிவிட்டதெனக் கொள்வோம். பிரிவுக் கணக்கப்பிள்ளை தமது ஏட்டில் பெயரை வெட்டுகிறார். லயத்துக் காம்பரா வெறுமையாகிறது. தம் பிரிவுக்கு வரும் வேறொரு குடும்பத்தை அவர் அங்கு இருத்தலாம். ஆனால் கந்தோருக்கு அறிவிக்கப்படாதவரை, பெரிய ஏட்டில் அவ்வறை நிரம்பிய அறையே. மேற்பிரிவில் ஓரறையில் இரு குடும்பங்கள் நெருக்குண்டாலும் கந்தோர் அதனை வழங்காது. (ஏடு உண்மையிலும் வலியது என்பதைத் தோட்டத்தார்க்கு நாம் சொல்லத் தேவையில்லை.) கோப்பை அழித்தல் என்பது கணக்கப்பிள்ளையின் வெட்டு மாத்திரமே. பல மெய்நிகர் கணினிகளுக்கு உள்ளதிலும் அதிக இடம் வாக்களிக்கப்பட்டிருக்க, தாய்க் கணினியின் வட்டு நிரம்பிவிடின், தவறேதும் செய்யாத ஏனைய கணினிகளும் எழுதவியலாது நின்றுவிடும்.

பழைய பரிகாரம், வெற்றிடம் முழுவதிலும் பூச்சியங்களை எழுதிப் பின் வட்டுக் கோப்பைச் சுருக்குவதாகும். பூச்சியங்களை எழுதுகையில் அக்கோப்பு வாக்களிக்கப்பட்ட முழு அளவுக்கும் வீங்கக்கூடும். ஏற்கெனவே இடமின்றித் தவிக்கும் கணினிக்கு இம்மருந்து நோயிலும் கொடிது.

புதிய முறை கந்தோருக்கு அறிவிப்பதாகும். இவ்வறிவிப்பு ஏடிஏ வட்டுக்களில் 'ட்ரிம்' எனவும், ஸ்கசி வட்டுக்களில் 'அன்மேப்' எனவும் பெயர் பெறும். லினக்ஸில் 'எஃப்எஸ்ட்ரிம்' என்னும் கட்டளை, கோப்பு முறைமையின் வெற்றிடங்களைத் திரட்டிக் கீழே அறிவிக்கிறது. ஆயின் இடையிலுள்ள ஒவ்வோர் அடுக்கும் அச்செய்தியைக் கடத்த வேண்டும். கியூஎமு மென்பொருளின் 'விர்ட்ஐஓ-பிளொக்' வட்டுமுறை 2019இல் வெளிவந்த 4.0 பதிப்பிலேயே இவ்வசதியைப் பெற்றது. லினக்ஸின் மறைகுறியாக்க அடுக்கு, வெற்றிடங்களின் அமைப்பே பிறர்க்குத் தகவல் தரும் என்பதால், வழமையாக இதனைத் தடுத்துவிடும். முன்னர் எடுத்துவைத்த நிழற்பிரதியொன்று இருப்பின், அது பற்றியிருக்கும் இடமும் விடுபடாது.

அழித்த மறுகணமே அறிவிக்கும் ஏற்பாடும் உண்டு. வாரமொருமுறை அறிவிக்கும் ஏற்பாடும் உண்டு. ஆவணப் பணிக்குப் பின்னதையே நாம் விரும்புகின்றோம். தவறுதலாக அழிந்த படிமத்தை அறிவிப்புக்கு முன் ஓரளவேனும் மீட்க வாய்ப்புண்டு. தாய்க் கணினி இடத்தை விடுவித்தபின் அவ்வாய்ப்பு பெரும்பாலும் இல்லை. மறுபுறத்தில், இதனை எல்லையின்றி ஒத்திப்போடவும் இயலாது. அழித்துவிட்டதாக நாம் எண்ணும் ஏட்டின் பக்கங்கள், ஒரு குடும்பத்தின் பிறப்பு, கடன், நோய் விபரங்களுடன், அவ்வட்டுக் கோப்பைப் படிக்க வல்ல எவருக்கும் அதுவரை திறந்தே கிடக்கின்றன. எனவே, இறுதிப் படிமங்களின் பிரதி வேறோர் இடத்தில் வைக்கப்பட்டு, அங்கே திறந்து சரிபார்க்கப்பட்ட அன்றே இக்கட்டளையை இடுதல் தகும்.