அன்று தடை, இன்று ஜீரோ வரி: பிரிட்டன் ஒப்பந்தத்தால் திருப்பூருக்கு என்ன கிடைக்கும்?

இந்தியத் துணிகள் வந்தால் உள்ளூர் நெசவாளர்களின் பிழைப்பு போய்விடும் என்று, அச்சிட்ட பருத்தித் துணிகளின் இறக்குமதிக்கு 1700-ல் சட்டம் போட்டுத் தடை விதித்தது இங்கிலாந்து. பிறகு இந்தியாவையே ஆண்டபோது, லங்காஷயர் மில்களைக் காப்பாற்ற 1896-ல் இந்திய மில் துணிகள் மீது 3.5 சதவீத உள்நாட்டு வரி போட்டது. அதே பிரிட்டன், 2025 ஜூலை 24-ல் கையெழுத்தான வர்த்தக ஒப்பந்தத்தில் இந்திய ஆடைகளுக்கு வரியே வேண்டாம் என்று ஒப்புக்கொண்டது.

ஏன் இந்த மாற்றம்?

2020-ல் ஐரோப்பிய யூனியனை விட்டு வெளியேறிய பிரிட்டனுக்குப் பெரிய சந்தைகள் தேவைப்பட்டன. இந்தியாவுடன் 2022 ஜனவரியில் பேச்சு தொடங்கியது. அந்த ஆண்டு தீபாவளிக்குள் முடிப்போம் என்றார் போரிஸ் ஜான்சன். முடியவில்லை. பிரதமர்கள்தான் மாறினார்கள். கடைசியில் மோடி, ஸ்டார்மர் முன்னிலையில் கையெழுத்தானது.

யாருக்கு என்ன?

இந்திய ஏற்றுமதியில் சுமார் 99 சதவீதப் பொருள் வகைகளுக்கு பிரிட்டனில் வரி இல்லை. பதிலுக்கு, ஸ்காட்ச் விஸ்கி மீதான 150 சதவீத வரியை இந்தியா உடனடியாக 75 ஆகவும், 10 ஆண்டுகளில் 40 ஆகவும் குறைக்கும். 100 சதவீதத்துக்கு மேல் இருந்த கார் வரி, குறிப்பிட்ட எண்ணிக்கை வரை படிப்படியாக 10 சதவீதமாகும். பால் பொருட்களுக்கு இந்தியா கதவைத் திறக்கவில்லை.

சரி, திருப்பூருக்கு?

பிரிட்டனில் இந்திய ஆடைகளுக்கு 12 சதவீதம் வரை வரி இருந்தது. வங்கதேசத்துக்கோ, பின்தங்கிய நாடு என்ற சலுகையில் ஜீரோ. 400 ரூபாய் டி-ஷர்ட்டுக்கு 10 சதவீத வரி என்று வைத்துக்கொண்டால், 40 ரூபாய் வித்தியாசம். சில ரூபாய்க்கே ஆர்டர் கைமாறும் தொழிலில் இது பெரிய தொகை. தோல் பொருட்களுக்கு இருந்த 16 சதவீதம் வரையிலான வரியும் போவதால், ஆம்பூர், ராணிப்பேட்டைக்கும் லாபம் உண்டு.

லண்டன் போறவங்களுக்கு?

கம்பெனி தற்காலிகமாக அனுப்பும் ஊழியர்கள் குறிப்பிட்ட காலம் வரை இந்தியாவில் பி.எஃப். கட்டினால் போதும். பிரிட்டனின் சமூகப் பாதுகாப்பு நிதிக்கும் சேர்த்துக் கட்ட வேண்டியதில்லை. ஊழியருக்கும் கம்பெனிக்கும் மிச்சம். ஆனால், குடியேற்ற விதிகளை பிரிட்டன் தளர்த்தவில்லை. அதனால் விசா ஈஸியாகிவிடும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

சிக்கல் எங்கே?

ஜீரோ வரி தானாகக் கிடைத்துவிடாது. சரக்கு இந்தியாவில்தான் உருவானது என்பதற்கு ஆதாரம் காட்ட வேண்டும். இரும்பு, அலுமினியத்துக்கு 2027 முதல் பிரிட்டன் கார்பன் வரி போடப்போகிறது. அதில் இந்தியாவுக்கு விலக்கு கிடைக்கவில்லை.

அதைவிடப் பெரிய கேள்வி, மிச்சமாகும் அந்த 40 ரூபாய் யாருக்கு? வரி இல்லையே, விலையைக் குறைங்க என்று பிரிட்டன் வியாபாரி கேட்பார். முழுவதையும் விட்டுக்கொடுத்தால் ஆர்டர் கூடும், ஆனால் தைப்பவரின் கூலி அப்படியே இருக்கும். மிச்சத்தில் ஒரு பங்கையாவது பேரம் பேசி வாங்கினால்தான் ஒப்பந்தத்தின் பலன் தையல் மெஷின் வரை வந்து சேரும்.